பிளாக் பத்திரம்!

டென்மார்க்கின் கோல்டிங் நகரில் ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி இருப்பதாகச் சந்தேகம் எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனைக்கு இத்தனை நாள், அறுவைக்கு இத்தனை நாள் என்று அந்த நாடு 2008-லேயே கெடு வகுத்துவிட்டது. அவர் போக வேண்டியது வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள வைலே ஊருக்கு. இரண்டு ஊர் மருத்துவமனைகளும் லில்லபெல்ட் என்ற ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்குபவை, புற்றுநோய்க்கு வைலே.

அங்கே எடுக்கும் சதைத் துணுக்கு ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதிந்து, தீப்பெட்டியைவிடச் சிறிய வில்லையாகிறது. நம்மூர் லேப்களில் இதற்கு 'பிளாக்' என்று பெயர்.

மார்பகப் புற்றுநோய் ஒரே நோயல்ல என்பதை 2000-ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த குழு மரபணுக்களின் செயல்பாட்டை வைத்துக் காட்டியது. நுண்ணோக்கியில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு கட்டிகளில் ஒன்று ஹார்மோனை நம்பி வளரும். மற்றொன்று ஹெர்2 புரதத்தின் தூண்டுதலால் வளரும். முதலாவதற்கு ஹார்மோன் தடுப்பு மாத்திரை. இரண்டாவதற்கு 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் ஊசி. இனம் தெரியாமல் கொடுத்தால் மருந்தும் வீண், பணமும் வீண்.

டென்மார்க்கின் பலம் விலையுயர்ந்த இயந்திரம் என்று நினைப்பவர்கள் பலர். அது பாதி உண்மைதான். மறு பாதி, அங்கே பத்திரப்படுத்திய பிளாக்குகளும் பதிவேடுகளும். 2000-களின் தொடக்கத்தில் மார்பகப் புற்றுநோய்க்கு ஹார்மோன் தடுப்பு மருந்து மட்டும் பெற்ற, மாதவிடாய் நின்ற பெண்களின் பழைய பிளாக்குகளை ஆய்வாளர்கள் அலமாரிகளிலிருந்து எடுத்து, 50 மரபணுக்களைக் கொண்டு வகைபிரித்தார்கள். 2,500-க்கும் மேற்பட்ட பெண்கள். யாருக்கு நோய் திரும்பியது என்பதை அறிய வீடு வீடாக அலையவில்லை. அங்கே 1968 முதல் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க எண் உண்டு. 1977-இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய்க் குழுவின் பதிவேடும் கையில் இருந்தது. எவருக்கு மாத்திரையே போதும், எவருக்கு ஆபத்து மிச்சமிருக்கிறது என்பதை அந்தப் பழைய மெழுகு சொன்னது. முடிவு 2018-இல் வெளியானது.

ஆனால் அந்த ஆய்வில் அளவுகோலைச் சரிபார்த்தது பெரும்பாலும் டேனிஷ் பெண்களின் கட்டிகளில். கோல்டிங்கிலுள்ள ஈழத் தமிழ்ப் பெண்ணுக்கும் அதை வைத்தே அளப்பார்கள். நுரையீரல் புற்றுநோயில் ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் ஐரோப்பியரைவிட இந்தியரிடம் அதிகம் என்பது ஏற்கெனவே தெரிந்த கதை. ஆகவே நம் தரவு நமக்கு வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரியில் 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் மரபணுத் தரவுகளைப் பொதுவில் வைத்தது நல்ல தொடக்கம்.

தரவுக்கு முந்தியது பிளாக். வெட்டியெடுத்த சதை ஒரு மணி நேரத்துக்குள் பத்து சதவீத ஃபார்மலினுக்குள் போக வேண்டும். குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் அதில் ஊற வேண்டும். இது ஹெர்2, ஹார்மோன் பரிசோதனைகளுக்குச் சர்வதேச வழிகாட்டிகள் சொல்லும் கணக்கு. சனிக்கிழமை மாலை சிறு ஊரில் அறுவை முடிந்து, பாட்டில் திங்கள்கிழமை வரை ஃபார்மலின் இல்லாமல் மேசையில் கிடந்தால், பிறகு லட்ச ரூபாய் பரிசோதனை செய்தும் பயனில்லை. அதைத் தடுக்கப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை. ஒரு பாட்டில் ஃபார்மலினும் நேரம் குறித்த ஒரு சீட்டும் போதும்.

தமிழக அரசு மரபணுப் பரிசோதனைக்குக் காப்பீடு தருவதை யோசிக்கும்போது இதையும் சேர்த்து யோசிக்கலாம்: எல்லா பிளாக்குக்கும் ஓர் எண், மாவட்டத்துக்கு ஓர் அலமாரி, யார் எப்போது எடுத்துப்போனார் என்ற பதிவு. இப்போது நடப்பது வேறு. 'பிளாக்கையும் வாங்கிட்டு வாங்க' என்று பெரிய மருத்துவமனையில் சொன்னதும், நோயாளியின் மகன் ஊருக்குப் பஸ் ஏறுகிறார். திரும்பி வரும்போது அம்மாவின் கட்டி ஜெராக்ஸ் காகிதங்களோடு ஒரு துணிக்கடைப் பையில் அவர் மடிமேல் இருக்கும்.