கடன் வேறு, மேம்பாடு வேறு

வறியோருக்குக் கடன் கிடைத்துவிட்டால் வாழ்வு மலர்ந்துவிடும் என்பர் பொருளியலாளருள் ஒரு சாரார். வங்காளதேசத்தின் கிராமின் வங்கியும் அதன் நிறுவுநர் முகம்மது யூனுசும் 2006இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றபின் இக்கூற்று வேதவாக்காகிவிட்டது. ஊவாத் தோட்டங்களை அறிந்தோர் இதனை அவ்வாறே ஏற்றல் இயலாது.

மலையகத் தொழிலாளருக்குக் கடன் என்றுமே எட்டாப் பொருளாய் இருந்ததில்லை. கடனே அவர்களை இங்குக் கொணர்ந்தது. தென்னிந்தியாவினின்று வந்த வழிச்செலவு கங்காணியின் ஏட்டில் அவர்தம் பற்றாக ஏறிற்று. அப்பற்றைத் தீர்ப்பவரிடம் ஆட்களை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுத்த கடிதமே 'துண்டு'. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது, கடன் ஒழியவில்லை.

இன்று நுண்கடன் நிறுவனங்கள் பெண்களைக் குழுவாக்கிக் கடன் தருகின்றன. ஒருத்தி தவறினால் ஏனையோர் இறுக்க வேண்டும். அயலாளே காவலாளி ஆகின்றாள். நுண்கடன் வட்டிக்கு அரசு 2018இல் விதித்த உச்சவரம்பே ஆண்டுக்கு 35 விழுக்காடு. வரம்பே இதுவெனில் வரம்பின்றி வாங்கியது எத்துணை?

இக்கடனும் இல்லையேல் வட்டிக்காரனிடமன்றோ செல்வர் என வினவலாம். மெய்யே. ஆயின், குறைந்த வட்டிக்கு வங்கி ஏன் கொடுப்பதில்லை? வங்கி ஈடு கேட்கின்றது. 1972இலும் 1975இலும் தோட்டக் காணிகள் அரசுடைமையாயின; 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. கைகள் மாறின, லயக்காம்பிரா மட்டும் அதில் வாழ்வோருக்கு உரித்தாகவில்லை. எல்லவில் காணியுறுதி உடையோர் அதனை ஈடுவைத்து விடுதி கட்டலாம். எதிர்ச்சரிவில் கொழுந்து பறிப்பவளோ, மூன்று தலைமுறை வாழ்ந்தும் ஈடுவைக்க ஒரு பிடி மண் இல்லாதவள்.

தாம் மதிக்கும் வாழ்வை வாழும் ஆற்றல் மக்களிடம் விரிவதே மேம்பாடு என்றார் அமர்த்தியா சென். அரிசிக்கும் மருந்துக்கும் வாங்கும் கடன் எந்த ஆற்றலை விரிக்கும்? பல்லாண்டுப் போராட்டத்தின் பின் 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாயிற்று; 2022இன் விலையேற்றம் அதனை விழுங்கிற்று. குறைந்த கூலியின் குழியைக் கடனால் நிரப்புவது மேம்பாடன்று. கூலி கொடுக்க வேண்டியவரின் பொறுப்பைக் கூலி பெறுவோரின் தலையில் ஏற்றுவதே அது.

தோட்டத்துப் பெண்கள் தமக்குள் சீட்டுப் பிடித்துச் சேமிப்பவர்கள். சிக்கனத்தைப் பிறர் புகட்ட வேண்டியதில்லை. முதலிற் காணியுறுதியும் வாழ்வுக்கேற்ற கூலியும் வருக. அதன்பின் வங்கி வரட்டும். அன்று அவர்கள் கடனாளிகளாகவன்றி, உரிமையாளராக அதன் வாயிலில் நிற்பர்.