பெரிய நம்பர் கேபிள் நமக்கு எதுக்கு?



கம்ப்யூட்டரையும் ரௌட்டரையும் இணைக்கிற கேபிளை எப்படித் தேர்ந்தெடுக்கணும் என்பது பற்றி என் கருத்தை எழுதுகிறேன். "இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று சிரிக்காதீங்க. எங்க வீட்டில் இதனால் அப்பாவோட இரண்டு நாள் கூலி வீணாப் போச்சு.

அக்கா கல்லூரிப் பாடங்களை கம்ப்யூட்டரில் பார்ப்பாள். ரௌட்டர் முன் அறையில், கம்ப்யூட்டர் பின் அறையில். நடுவில் தடிச் சுவர் இருப்பதால் வைஃபை விட்டு விட்டுத்தான் வரும். அப்பா டவுனுக்குப் போய்க் கேபிள் கேட்டார். "கேட் 8 தான் இருக்கிறதிலேயே வேகம்" என்று கடைக்காரர் சொன்னதும் அதையே வாங்கி வந்துவிட்டார். மாட்டியதும் இணைப்பு விடாமல் வந்தது. ஆனா வேகம் 40 மெகாபிட்டைத் தாண்டல. ஏன்னா நாங்க பணம் கட்டுற பிளானே 40 தான்! பக்கத்து வீட்டு அண்ணனோட பழைய கேட் 5இ கேபிளை மாட்டிப் பார்த்தோம். அதிலும் அதே 40.

கேட் என்றால் கேட்டகரி, அதாவது தரவகை. கேட் 5இ கேபிள் 100 மீட்டர் தூரம் வரை நொடிக்கு 1000 மெகாபிட் கொண்டுபோகும். அது எங்க பிளானைப் போல 25 மடங்கு. கேட் 6 கேபிள் 55 மீட்டர் வரை 10,000 மெகாபிட்டே தாங்கும். கேட் 8 என்பது பெரிய கம்ப்யூட்டர் நிலையங்களுக்காக வந்தது. அதன் முழு வேகமும் 30 மீட்டர் வரைதான். தெருக்குழாயில் தண்ணி ஒல்லியா வரும்போது, வீட்டுக்குள்ளே தடிமனான பைப் போட்டா மட்டும் குடம் சீக்கிரம் நிறைஞ்சிடுமா?

"பின்னாளில் வேகம் கூடினால் உதவுமே" என்று சிலர் சொல்லலாம். சரிதான், அதுக்கு கேட் 6 தாராளமாப் போதும். ரௌட்டரில் இருக்கும் துளை 100 மெகாபிட் வகையா இருந்தால், எந்தக் கேபிள் போட்டாலும் 100-க்கு மேல் வராது. அதனால் முதலில் அதைப் பார்க்கணும்.

நம்பரை விட முக்கியமானது உள்ளே இருக்கும் கம்பி. கேபிளுக்குள் 8 கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி 4 ஜோடிகளாக இருக்கும். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலைக் குறைக்கத்தான் அந்த முறுக்கு. 1000 மெகாபிட் வேகத்துக்கு எட்டுக் கம்பியும் வேலை செய்யணும். சில மலிவுக் கேபிள்களில் அலுமினியக் கம்பிக்கு மேலே செம்புப் பூச்சு மட்டும் இருக்கும். மேலுறையில் சி.சி.ஏ. என்று போட்டிருந்தால் அது அந்த வகைதான். அலுமினியத்தில் மின்தடை அதிகம், மடக்கினால் சீக்கிரம் ஒடியும். எடையும் குறைவா இருக்கும். முழுச் செம்புக் கம்பியே நல்லது.

கடைக்குப் போகும் முன் ஒரு கயிற்றைச் சுவரோரமாப் பிடித்து நீளம் அளந்துக்கோங்க. கொஞ்சம் கூடுதலா வாங்கினாப் போதும். கரண்டு வயரோடு சேர்த்துக் கட்டாதீங்க.

அப்பா ஏன் கடையில் எதுவும் கேட்கல என்று பிறகு கேட்டேன். "தெரியாததைக் கேட்டா சிரிப்பாங்களோன்னு நினைச்சேம்மா" என்றார். எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. வெட்கப்பட்டு வாயை மூடிக்கிறவங்க தலையில்தான் விலை கூடின பொருளைக் கட்டுறாங்க. அதனால் நாம் படிச்சதை வீட்டில் சொல்லணும், கடைக்குக் கூடவே போகணும். "இது முழுச் செம்பா? எங்க பிளானுக்கு இவ்வளவு தேவையா?" இந்த இரண்டு கேள்வியைத் தைரியமாக் கேட்போம். விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி