நிழலில் நின்ற இசைக்குழுக்கள்

பிரித்தானியாவின் றொக் இசையைப் பற்றிப் பேச்செழுந்தால் நம்மவர் நாவில் முதலில் வருவன நான்கைந்து பெயர்களே. பீற்றில்ஸ், றோலிங் ஸ்ரோன்ஸ், த ஹூ, பிங்க் புளொயிட், குயின் என்று விரல் மடக்கி எண்ணி முடித்ததும் பேச்சும் ஓய்ந்துவிடும். இவர்கள் பெரியோர் என்பதிற் கருத்து வேறுபாடு இல்லை. அவர்கள் புகழிற் குறை காண்பதும் இக்கட்டுரையின் நோக்கம் அன்று. நகரந்தோறும் இளைஞர்கள் கிற்றாருங் கையுமாய்த் திரிந்த ஒரு காலத்தில், ஒரு நாடு கேட்கத்தக்க குழுக்களாக ஐந்தையே பெற்றெடுத்ததா? இதுவே நம்முன் உள்ள வினா.

இவ்வினாவுக்குப் பலரும் ஆயத்தமாக வைத்திருக்கும் விடை ஒன்று உண்டு. காலம் ஒரு சுளகு. அது பதரைப் புடைத்தெறிந்து மணியை வைத்துக்கொள்ளும். எனவே நின்றவை நல்லவை, போனவை அல்லாதவை. போனவற்றைத் தேடி அலைவது வீண்வேலை என்பர். கேட்பதற்கு இனிய வாதந்தான். ஆயின், சுளகு தானாகப் புடைப்பதில்லை. அதைப் பிடிக்க ஒரு கை வேண்டும். அந்தக் கை யாருடையது, அது எப்பொழுது அசதியுற்றது, எப்பொழுது வேறொரு தானியத்தின்மேற் கண்ணாய் இருந்தது என்பவற்றை ஆராயாமல், எது பதர், எது மணி என்று தீர்த்துச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. மூன்று குழுக்களின் வரலாற்றைக் கொண்டு இதனை நோக்குவோம்.

முதலாவது, சொம்பீஸ். லண்டனுக்கு வடக்கே, ஹாட்பட்ஷயரிலுள்ள சென்ற் ஓல்பன்ஸ் நகரத்தில், பாடசாலைப் பருவம் முடியாத இளைஞர்கள் 1960களின் தொடக்கத்திற் கூடி அமைத்த குழு இது. றொட் ஆர்ஜன்ற் பியானோவும் ஓகனும் வாசித்தார். கொலின் பிளண்ஸ்ரன் பாடினார். போல் அற்கின்சன் கிற்றாரும், கிறிஸ் வைற் பேஸ் கிற்றாரும், ஹியூ கிறண்டி டிரம்ஸும் ஏற்றனர். 1964இல் ஒரு போட்டியில் வெற்றிபெற்ற பின்னர் டெக்கா கம்பனி இவர்களை ஒப்பந்தஞ் செய்தது. அவ்வாண்டே வெளிவந்த ‘ஷீஸ் நொற் தெயர்’ என்ற பாட்டு பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 12ஆம் இடத்தையும், அமெரிக்காவில் 2ஆம் இடத்தையும் பிடித்தது. ஆர்ப்பாட்டமும் கூக்குரலுமே றொக் இசையின் அடையாளம் என்று கருதப்பட்ட நாளில், மூச்சோடு கலந்து வரும் பிளண்ஸ்ரனின் மென்குரலும், ஜாஸ் இசையின் சாயல் படிந்த ஆர்ஜன்ற்றின் வாசிப்பும் புதுமையாய் இருந்தன. எனினும் அதன்பின் வந்த இசைத்தட்டுக்கள் தாய்நாட்டில் விலைபோகவில்லை.

1967இல் இவர்கள் சி.பி.எஸ். கம்பனிக்கு மாறித் தம் இரண்டாவது நெடுந்தட்டை உருவாக்கத் தொடங்கினர். அதன் பெரும்பகுதி லண்டன் அபே றோட் ஒலிப்பதிவுக் கூடத்திற் பதிவாயிற்று. பீற்றில்ஸ் குழுவினர் தமது ‘சார்ஜன்ற் பெப்பர்’ இசைத்தட்டை அங்கு முடித்துச் சென்று சில மாதங்களே ஆகியிருந்தன. ஜோன் லெனன் விட்டுச் சென்ற மெலட்றோன் என்னும் வாத்தியத்தை இவர்கள் தயக்கமின்றி எடுத்து வாசித்தனர். இரு குழுக்களுக்கும் கூடம் ஒன்று, வாத்தியமும் ஒன்று, கைப்பணந்தான் வேறு. சொம்பீஸ் குழுவுக்குக் கம்பனி ஒதுக்கியது 1,000 பவுண் மாத்திரமே. ஸ்ரீறியோப் பதிப்பிற்கான செலவை ஆர்ஜன்ற்றும் வைற்றும் தம் சொந்தப் பணத்திலிருந்தே கொடுக்க நேர்ந்தது.

அந்த இசைத்தட்டே ‘ஒடிசி அன் ஒறக்கிள்’. அட்டையை வரைந்த ஓவியர் ‘ஒடிசி’ என்ற சொல்லின் எழுத்தைப் பிழையாகப் போட, அப்பிழையே பெயராக நிலைத்துவிட்டது. அட்டையிற் பிழை உண்டு. உள்ளே பிழை காண்பது அரிது. பன்னிரண்டு பாட்டுக்களுள் ஒன்று, சிறையிலிருந்து விடுதலையாகி வரப்போகும் அன்புக்குரியவருக்கு எழுதும் கடிதம். துன்பத்திற்குரிய பொருளை எடுத்துக்கொண்டு, வருகையின் மகிழ்ச்சியை மட்டும் பாடுவது அதன் சிறப்பு. இன்னொன்று, 1914ஆம் ஆண்டின் மேற்குப் போர்முனையில் அகப்பட்ட ஓர் இறைச்சிக் கடைக்காரனின் நடுக்கம். இவ்விரண்டையும் ஒரே தட்டில் அடக்கி, இரண்டுக்கும் ஏற்ற குரலமைதியைக் கண்டவர்கள் இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க இளைஞர்கள் என்பது எண்ணி வியக்கத்தக்கது.

ஆயின் அத்தட்டு 1968 ஏப்பிரலில் கடைக்கு வந்தபோது குழு உயிரோடு இல்லை. முதல் ஆண்டு டிசம்பரிலேயே அவர்கள் பிரிந்துவிட்டனர். காரணம் கலகமும் அன்று, கருத்து வேறுபாடும் அன்று, காசு. பாட்டை இயற்றிய ஆர்ஜன்ற்றுக்கும் வைற்றுக்கும் அதற்குரிய வருவாய் வந்தது. பாடியவருக்கும் வாசித்தவர்களுக்கும் மேடை வருமானந்தான், அது வற்றிவிட்டது. அக்காலத்துப் பிரித்தானியக் குரல்களுள் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றுக்குச் சொந்தக்காரரான பிளண்ஸ்ரன், ஒரு காப்புறுதி நிறுவனத்திற் குமாஸ்தா வேலைக்குப் போனார்.

பிரித்தானியப் பட்டியல்களில் இத்தட்டு இடம்பெறவே இல்லை. அமெரிக்காவில் இதனை வெளியிடவும் கம்பனி தயங்கிற்று. அவ்வேளை லண்டனுக்குச் சென்று திரும்பிய அல் கூப்பர் என்ற அமெரிக்க இசைஞர், தாம் வாங்கி வந்த தட்டுக்களுள் இது ஒன்றே தனித்து நிற்பதைக் கண்டு, இதனை வெளியிட்டே ஆகவேண்டும் என்று தம் கம்பனி மேலாளரிடம் வற்புறுத்தினார். அதன் பயனாக வெளிவந்த ‘ரைம் ஒவ் த சீசன்’ என்ற பாட்டு 1969இல் அமெரிக்கப் பட்டியலில் 3ஆம் இடத்தை எய்தியது. பாட்டு உண்டு, பாடிய குழு இல்லை. அதனால் அதே பெயரைச் சூடிக்கொண்ட போலிக் குழுக்கள் அமெரிக்க மேடைகளில் ஏறிக் காசு பார்த்தன.

இங்கே ‘காலம்’ செய்த வேலை யாது? ஒன்றுமில்லை. ஒரு மனிதர் ஒரு கடையில் ஒரு தட்டை வாங்கினார், பொறுமையோடு கேட்டார், பிறரோடு வாதாடினார். அவ்வளவே. அவர் லண்டனுக்குப் போகாதிருந்தால், இன்று அப்பாட்டையும் பதர் என்றே நாம் சொல்லியிருப்போம். தட்டு வெளிவந்து 40 ஆண்டுகளின் பின், 2008இல், எஞ்சியிருந்த நால்வரும் லண்டன் மேடையில் அதனை முழுமையாக வாசித்தனர். றொக் அன் றோல் கீர்த்தி மண்டபம் 2019இலேதான் இவர்களுக்குக் கதவு திறந்தது. கிற்றார் வாசித்த அற்கின்சன் அம்மேடையையும் காணவில்லை, அக்கதவையும் காணவில்லை. அவர் 2004இலேயே காலமாகிவிட்டார்.

இரண்டாவது, பிறிற்றி திங்ஸ். 1963இல் கென்ற் பகுதியைச் சேர்ந்த சிட்கப்பில் தோன்றிய குழு. இதனை நிறுவியவர்களுள் ஒருவரான டிக் ரெயிலர், றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவின் தொடக்க நாட்களில் அதில் வாசித்தவர். பாடகர் பில் மே. முரட்டுத்தனமான புளூஸ் இசையோடு புறப்பட்ட இவர்கள், 1968 டிசம்பரில் ‘எஸ்.எவ். சொறோ’ என்ற இசைத்தட்டை வெளியிட்டனர். ஒரு மனிதனின் பிறப்பு, காதல், போர், இழப்பு, முதுமையின் தனிமை என்பவற்றைத் தொடர்கதையாகப் பாட்டுக்களில் வளர்த்துச் செல்லும் படைப்பு அது. பில் மே எழுதிய ஒரு சிறுகதையே அதன் வித்து. பீற்றில்ஸ் குழுவின் முற்பட்ட தட்டுக்களுக்கு ஒலிப்பதிவாளராக இருந்த நோர்மன் சிமித் இதனை நெறிப்படுத்தினார்.

த ஹூ குழுவினரின் ‘ரொமி’ 1969 மே மாதத்தில் வெளிவந்தது. ‘றொக் ஒபெரா’ என்றால் உலகத்தார் நினைவுக்கு இன்றும் வருவது அதுவே. பிரித்தானியாவில் ஐந்து மாதம் முந்தி வந்தும், ‘எஸ்.எவ். சொறோ’ அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது ‘ரொமி’க்குப் பின்னர்தான். மூத்தது பிந்தி வந்தமையால் இளையதன் போலி என்ற பெயரைச் சுமந்தது. படைத்தவர்கள் செய்த குற்றம் எதுவுமில்லை. வெளியிட்டவர்களின் நாட்காட்டி செய்த குற்றம் அது. அத்தட்டை முழுமையாக மேடையேற்ற 1998ஆம் ஆண்டு வரவேண்டியதாயிற்று. அதுவும் அபே றோட் கூடத்திலேயே நிகழ்ந்தது. பில் மே 2020இற் காலமானார்.

மூன்றாவது, எக்ஸ்.ரி.சி. இது அடுத்த தலைமுறை. புகையிரத வேலைத்தலங்களாற் பெயர்பெற்ற சுவிண்டன் நகரம் இவர்களின் ஊர். அன்ரி பாட்றிஜ், கொலின் மோல்டிங் ஆகிய இருவரும் பாட்டியற்றினர். 1979இல் ‘மேக்கிங் பிளான்ஸ் போர் நைஜல்’, 1982இல் ‘சென்சஸ் வேர்க்கிங் ஓவர்ரைம்’ ஆகிய பாட்டுக்கள் இவர்களைப் பட்டியல்களில் ஏற்றின. ஆயின் 1982இல் மேடையச்சம் பாட்றிஜை மேற்கொண்டது. குழு சுற்றுப்பயணங்களை அடியோடு நிறுத்திவிட்டது. மேடையில் தோன்றாத குழுவை விற்பது எவ்வாறென்று கம்பனிக்குத் தெரியவில்லை. அவர்களோ ஊரிலிருந்தபடியே வேலையைத் தொடர்ந்தனர். 1986இல் வந்த ‘ஸ்கைலார்க்கிங்’, ஒரு கோடைநாளின் போக்கிலே மனித வாழ்வின் பருவங்களைக் கோத்துக் காட்டும் அரிய படைப்பு. 1992இன் பின் வேர்ஜின் கம்பனியோடு முரண்பட்டு, ஒப்பந்தத்திலிருந்து விடுபடும்வரை பதிவுசெய்ய மறுத்து ஒருவகை வேலைநிறுத்தமே செய்தனர். அடுத்த இசைத்தட்டு வர 1999 ஆயிற்று. ஏழாண்டு மௌனம் எந்தக் கலைஞனின் பெயரையும் தேய்த்துவிடப் போதுமானது.

இனி, எதிர்வாதத்தையும் கேட்போம். அறியப்படாதவை எல்லாம் அரியவை என்று கொண்டாடும் ஒரு கூட்டம் எங்கும் உண்டு. நாலுபேருக்குத் தெரிந்தால் நல்ல பாட்டும் கெட்டுவிட்டது என்று முகஞ் சுளிப்பவர்கள் அவர்கள். அது ரசனை அன்று, செருக்கு. இக்குழுக்களிடமும் குறை உண்டு. ‘எஸ்.எவ். சொறோ’வின் கதை, உறையில் அச்சிட்டிருந்த விளக்கத்தைப் படித்தாலன்றித் தெளிவாவதில்லை. எக்ஸ்.ரி.சி. குழுவினரின் அறிவுச் சாதுரியம் சிற்சில இடங்களிற் பாட்டின் உணர்ச்சியை மேவி நிற்கிறது. சொம்பீஸ் ஆக்கிய நெடுந்தட்டுக்கள் எண்ணிக்கையிற் சில. இவற்றை ஒளிக்கவேண்டியதில்லை. குறையற்றவர்களுக்கே இடமென்றால் புகழ்பெற்ற ஐவருள்ளும் ஒருவர்கூடத் தேறமாட்டார்.

நான் வற்புறுத்துவது வேறொன்று. மூன்று குழுக்களும் பின்தங்கிய காரணங்களை மீண்டும் பாருங்கள். ஒன்றுக்குப் பணம், ஒன்றுக்கு வெளியீட்டுத் திகதி, ஒன்றுக்கு மேடையச்சமும் ஒப்பந்தப் பிணக்கும். இம்மூன்றில் எதுவும் இசையைப் பற்றியதன்று. அப்படியிருக்க, இசையின் தரத்தை அளந்து கிடைத்த தீர்ப்பு இது என்று எவ்வாறு கூறலாம்?

‘அறியாமற் போனால் யாருக்கு நட்டம்?’ என்று சிலர் கேட்கலாம். முதல் நட்டம் கலைஞருக்கு. ஏற்பு என்பது பொன்னாடை மட்டும் அன்று. அடுத்த படைப்புக்கான அரிசியும் விறகும் அதுவே. சொம்பீஸ் குழுவுக்கு 1967இற் சிறிது கைகொடுத்திருந்தால், மூன்றாவது, நான்காவது தட்டுக்கள் எப்படி இருந்திருக்கும் என்பதை இனி எவராலும் அறிய இயலாது. அரை நூற்றாண்டு கடந்து சூட்டும் மாலை அந்தத் தட்டுக்களைத் திருப்பித் தராது. இரண்டாவது நட்டம் நமக்கு. அயலவரை அறியாதவன் புகழ்பெற்றோரையும் சரியாக அறிய மாட்டான். ஒரே கூடத்தில், ஒரே ஆண்டில், ஒரே வாத்தியத்தைக் கொண்டு வேறொரு குழு என்ன செய்தது என்று கேட்ட பின்னரே, பீற்றில்ஸ் செய்ததில் எது தனித்திறன், எது காலத்தின் பொதுச்சொத்து என்பது விளங்கும்.

முற்காலத்தில், எந்தத் தட்டு நம் செவிக்கு எட்டும் என்பதை ஒலிபரப்பாளர்கள் தீர்மானித்தனர். இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் ஆரம்பமான பின்னர், ஆங்கிலப் பாட்டுக்கள் நம் வீடுகளுக்குள்ளும் கடல்கடந்து இந்திய வீடுகளுக்குள்ளும் புகுந்தது அவர்கள் கை வழியே. கைக்கு வராத தட்டை அவர்களாலும் ஒலிபரப்ப இயலாது. இன்று அத்தடை நீங்கிவிட்டது. இங்கே கூறிய இசைத்தட்டுக்கள் யாவும் கைத்தொலைபேசியிற் கிடைக்கின்றன. எனினும் நாம் கேட்பது பெரும்பாலும் இயந்திரம் எடுத்து நீட்டும் பட்டியலையே. பலர் கேட்டதையே மேலும் பலருக்கு நீட்டுவது அதன் இயல்பு. நிறைந்த குடத்திலேயே நீர் வார்க்கும் வேலை அது. முன்பு கிடையாமையாற் கேட்கவில்லை. இன்று கிடைத்தும் கேட்கவில்லை. முன்னையதற்குப் பிறரைக் குறை கூறலாம். பின்னையதற்கு யாரைக் கூறுவது?

ஆகவே வாசகர்களிடம் நான் வேண்டுவது பெரிய காரியம் அன்று. ‘ஒடிசி அன் ஒறக்கிள்’ முப்பத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு மாலையில், வேறு வேலையின்றி, முதற்பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை அதனைக் கேளுங்கள். மறுவாரம் மற்றைய இரண்டையும் கேளுங்கள். பிடிக்கவில்லையெனில் தாராளமாக ஒதுக்கிவிடுங்கள். அது கேட்டபின் கொடுத்த தீர்ப்பாகையால் நேர்மையான தீர்ப்பு. பிடித்திருந்தால் உங்களோடு வைத்துக்கொள்ளாமல் இன்னும் இருவருக்குச் சொல்லுங்கள். அல் கூப்பர் செய்ததும் இதற்கு மேல் ஒன்றுமில்லை.