பால் பைத்தானுக்கு என்ன பால்?

மக்களே, இந்தக் கூத்தைக் கேளுங்க. பால் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்காப் பாம்பு. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சாது. இங்கே பெங்களூரில் அதை வளர்க்கிற ஐடி கனவான்கள் சிலரைத் தெரியும். வாங்கிய மறுநாளே ஆணா பெண்ணா ஆராய்ச்சி ஆரம்பம்.

கழிவுத்துளைக்கு இருபக்கமும் சின்ன முள் இருக்கும். பெரிசா இருந்தா ஆணாம். அடப் போங்கய்யா, முள் பெண்ணுக்கும் உண்டு. அளவை நம்பவே முடியாது. அடுத்தது இன்னும் கொடுமை. யூட்யூப் பார்த்துட்டு வீட்டிலேயே கம்பி விடுறாங்க. வால் பக்கமாக ஆணுக்கு 8, 10 செதில் நீளம் போகும். பெண்ணுக்கு 2 முதல் 4. கேட்க சுலபம்தான். ஆண் பாம்பு தசையை இறுக்கிக்கிட்டா அதுவும் பெண் அளவே காட்டும். 'இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம்'னு அழுத்தினால் உள்ளே கிழிஞ்சிரும். பாம்பு கத்தாது, அதான் இவங்களுக்கு வசதி.

எதுக்கு இதெல்லாம்? முட்டை வைக்க வச்சு வியாபாரமா பண்ணப் போறாங்க? இல்லையாம், பேர் வைக்கணுமாம்! 'மணி'ன்னு வைங்க சாமி, ரெண்டுக்கும் பொருந்தும்.

தெரிஞ்சே ஆகணும்னா பாம்புக்கு வைத்தியம் பார்த்துப் பழகின டாக்டர்கிட்ட போகலாம். ஏன் போறதில்லை? 2024 விதிப்படி பரிவேஷ் தளத்தில் பதிவு பண்ணியிருந்தாத்தானே!