கேள்விக்குறியாகிப் போன பெயர்கள்

கடந்த விடுமுறையில், ஜாசின் பக்கம் நாங்கள் முன்பு குடியிருந்த தோட்டத்துக் கோயிலின் பழைய நன்கொடைப் பேரேட்டைக் கணினியில் ஏற்றித் தருவதாக ஒப்புக்கொண்டேன். லயங்கள் காலியாகி, மக்கள் ஆயர் குரோ, மலாக்கா நகர் என்று பிரிந்து போய்விட்டார்கள். அங்கே யார் யார் வாழ்ந்தார்கள் என்பதற்கு அந்தப் பேரேடுதான் மிச்சம்.

நிரல் எழுதும் எடிட்டரிலிருந்தே தரவுத்தளத்தோடு இணைந்து பெயர்களை உள்ளிட்டேன். காற்புள்ளி ஒன்று விட்டுப்போனாலும் உடனே சிவப்புக் கோடு விழுந்தது. நானூறு பெயருக்கு மேல் ஏற்றி முடித்தேன்; ஒரு பிழைச்செய்திகூட வரவில்லை. மறுநாள் திறந்து பார்த்தால், பெயர்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறிகள். "அப்போ எழுதினதெல்லாம் எங்கே போச்சு?" என்று அம்மா கேட்டார். எங்கும் போகவில்லை, அழிந்தே போய்விட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தவறு என்னுடையதுதான். சில தரவுத்தளங்களில் 'வார்ச்சார்' வகைப் பத்தி வழக்கமாக ஆங்கிலம் போன்ற சில மொழிகளின் எழுத்துகளை மட்டுமே ஏற்கும். யூனிகோடு எழுத்துக்கு 'என்வார்ச்சார்' வேண்டும். அது மட்டும் போதாது, மேற்கோள் குறிக்கு முன்னால் 'என்' என்ற ஆங்கில எழுத்தையும் போட வேண்டும். இல்லாவிட்டால் தமிழ் கேள்விக்குறியாக மாறியே பதிவாகும். பிறகு மீட்க முடியாது. இன்னொரு பொறி, அளவு. 'மாணிக்கம்' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடு அதை ஒன்பது குறியீடுகளாகப் பிரிக்கிறது. யுடிஎஃப்-8 முறையில் அது 27 பைட். 20 பைட் மட்டுமே ஒதுக்கிய பத்தியில் அந்தப் பெயருக்கு இடமில்லை.

இதையெல்லாம் எடிட்டர் முன்கூட்டியே சொல்லலாமே என்பதுதான் என் வாதம். தரவுத்தளத்தோடு இணைந்ததும், பத்திகளின் பெயரையும் வகையையும் அது படித்துக்கொள்கிறது. நாம் இரண்டு எழுத்து தட்டுவதற்குள் பத்திப் பெயரை எடுத்துக் கொடுப்பது அப்படித்தான். "இந்தப் பத்தியில் தமிழ் நிற்காது" என்று ஒரு மஞ்சள் கோடு போட அதற்குப் புதிதாக எந்தத் தகவலும் தேவையில்லை.

கையேட்டைப் படிக்காதவன் செய்த தவறுக்கு எடிட்டர் என்ன செய்யும் என்று அனுபவசாலிகள் கேட்பார்கள். அலுவலகத்தில் வேலை செய்பவருக்குப் பக்கத்து மேசையில் ஒரு மூத்தவர் இருப்பார். வீட்டில் தனியாக முதல் நிரலை எழுதும் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தச் சிவப்புக் கோடுதான் ஆசிரியர். காற்புள்ளிக்குக் கோடு போட்டுவிட்டுப் பெயர் அழியும்போது சும்மா இருந்தால், எல்லாம் சரி என்றுதானே அது நம்பும்?

தமிழைக் கணினியில் தட்டச்சு செய்யும் சிக்கலுக்கு, இதே மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு அஞ்சல் மூலம் வழிகாட்டினார். தட்டச்சு செய்ததைப் பத்திரமாகச் சேமிப்பது நம் தலைமுறையின் வேலை. விசுவல் ஸ்டூடியோ கோட் போன்ற எடிட்டர்களின் மூலநிரல் 2015 முதல் பொதுவில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் குறை சொல்லலாம், திருத்தமும் அனுப்பலாம். நாம் கேட்காவிட்டால், தமிழில் பெயர் எழுதாத ஒருவருக்கு இது குறையென்றே தோன்றாது.

கல்லூரிப் பயிற்சிகளில் நாம் சோதனைக்குப் போடும் பெயர்கள் பெரும்பாலும் அலி, ஜான். அடுத்த முறை மாணிக்கத்தைத் தமிழிலேயே போட்டு, சேமித்து, மறுபடி திறந்து பாருங்கள். பேரேடு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. முதல் பக்கத்திலிருந்து மீண்டும் தொடங்கியிருக்கிறேன்.