வேளாண் அமைச்சகத்துக்கு அதிகாரம் வேண்டும்

டெல்டா மாவட்டங்களில் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலில் நெல் குவியல் குவியலாகக் காத்துக் கிடக்கும். தார்ப்பாயை விலக்கிக் கையளவு நெல்லை எடுத்து, ஈரப்பதம் பார்க்கும் கருவியில் போடுவார் நிலையத்து ஊழியர். 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் இல்லை. வரம்பை 22 சதவீதமாகத் தளர்த்துமாறு மாநில அரசு டெல்லிக்குக் கடிதம் எழுதும். மத்தியக் குழு வரும், மாதிரி எடுத்துப் போகும். உத்தரவு வந்து சேர்வதற்குள் குவியலின் அடியில் நெல் முளைவிட்டிருக்கும். அந்தக் கடிதம் போய்ச் சேருவது மத்திய வேளாண் அமைச்சகத்துக்கு அல்ல, உணவு அமைச்சகத்துக்கு.

உரம், ரசாயன-உர அமைச்சகத்தின் பொறுப்பு. பாசன நீர் ஜல் சக்தி அமைச்சகத்திடம் இருக்கிறது. ஏற்றுமதித் தடையை வணிக அமைச்சகமும் சுங்க வரியை நிதி அமைச்சகமும் அறிவிக்கின்றன. கால்நடையும் மீன்வளமும் 2019-ல் தனி அமைச்சகமாகப் பிரிந்தன; 2021 ஜூலையில் கூட்டுறவும் பிரிந்தது. 2015-ல் ‘விவசாயிகள் நலன்’ என்ற சொல்லைப் பெயரில் சேர்த்துக்கொண்ட வேளாண் அமைச்சகத்திடம், அந்த நலனைத் தீர்மானிக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை இல்லை. விவசாயி கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டிய அமைச்சர் ஒருவர், முடிவெடுப்பவர்கள் வேறு பலர். இந்த ஏற்பாடு மாற வேண்டும்.

இது நேற்று வந்த நோய் அல்ல. 1866-ல் ஒடிசாவைப் பஞ்சம் சூறையாடிய பின்னும், விவசாயத்துக்கென ஒரு துறை வேண்டும் என்று ஆங்கில அரசை நெருக்கியவர்களில் முக்கியமானவர்கள் மான்செஸ்டரின் பருத்தி வணிகர்கள். அவர்களுடைய ஆலைகளுக்கு நல்ல பஞ்சு தேவைப்பட்டது. வைஸ்ராய் மேயோ 1871-ல் அமைத்த துறையின் பெயர் ‘வருவாய், வேளாண்மை, வணிகம்’. பிற்பாடு காங்கிரஸைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஏ.ஓ. ஹியூம்தான் அதன் செயலாளர். விவசாயத்தைச் சீர்திருத்த அவர் விரும்பினார். துறையோ வரிவசூலிலேயே மூழ்கியது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோரைக் கொன்றது. அடுத்த ஆண்டே, 1879-ல், சிக்கனத்தைக் காரணம் காட்டி அந்தத் துறையையே மூடினார்கள். 1880-ன் பஞ்ச ஆணையம் வற்புறுத்திய பிறகே, 1881-ல் அது மீண்டும் உயிர்பெற்றது.

இதே அமைச்சகம் நாட்டின் தலையெழுத்தை மாற்றிய காலமும் உண்டு. 1964-ல் லால் பகதூர் சாஸ்திரி உணவையும் வேளாண்மையையும் சேர்த்துப் பொள்ளாச்சிப் பகுதியிலிருந்து வந்த சி. சுப்பிரமணியத்திடம் ஒப்படைத்தார். அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு காத்திருந்த நேரம் அது. விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை கொடுக்காமல் விளைச்சல் பெருகாது என்பதில் சி.எஸ். உறுதியாக இருந்தார். நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியோ விலைவாசி ஏறும், அந்நியச் செலாவணி கரையும் என்று எதிர்த்தார். சாஸ்திரி சி.எஸ். பக்கம் நின்றார்.

1965 ஜனவரியில் விலை ஆணையமும் இந்திய உணவுக் கழகமும் பிறந்தன. கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. வேளாண் ஆராய்ச்சிக் குழுவின் தலைமைக்கு முதன்முறையாக ஒரு விஞ்ஞானி, பி.பி. பால், வந்தார். 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதை இறங்கியது. டெல்லியில் தன் அரசு வீட்டுத் தோட்டத்தையே உழுது அமைச்சர் அந்த விதையை விதைத்தார். 1964-65-ல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967-68-ல் 1.6 கோடி டன்னைத் தாண்டியது. விஞ்ஞானிகளின் உழைப்பும் பஞ்சாப் விவசாயிகளின் துணிச்சலும் இல்லாமல் இது நடந்திருக்காதுதான். ஆனால் விதை, விலை, கொள்முதல் மூன்றையும் ஒரே மேசையில் வைத்து முடிவெடுக்க ஓர் அமைச்சரால் முடிந்தது. 1980-களில் உணவு தனி அமைச்சகமாகப் பிரிந்த பிறகு அந்த மேசை திரும்பவே இல்லை.

அதன் விலையை மண்ணே கொடுக்கிறது. 2015 முதல் வேளாண் அமைச்சகம் மண்வள அட்டை வழங்குகிறது. தழைச்சத்தைக் குறையுங்கள், மணிச்சத்தும் சாம்பல்சத்தும் சமச்சீராகக் கொடுங்கள் என்று அட்டை அறிவுரை சொல்கிறது. அட்டையுடன் உரக்கடைக்குப் போகும் விவசாயிக்கு 45 கிலோ யூரியா மூட்டை சுமார் 266 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 50 கிலோ டிஏபி மூட்டையோ 1,350 ரூபாய். அவர் எதை அதிகம் வாங்குவார்? 2010-ல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியாவை மட்டும் அதற்கு வெளியே விட்டுவிட்டார்கள். அட்டையை ஓர் அமைச்சகம் அச்சடிக்க, விலையை இன்னோர் அமைச்சகம் வைக்க, இரண்டுக்கும் நடுவில் வயல் கெடுகிறது. 2024-25 பட்ஜெட்டில் உர மானியத்துக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 1.64 லட்சம் கோடி ரூபாய். வேளாண் துறையின் மொத்த ஒதுக்கீடே சுமார் 1.22 லட்சம் கோடிதான். அதிலும் 60,000 கோடி, ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டத்துக்குப் போனது.

வெங்காயத்தின் கதை இன்னும் கொடியது. 2023 ஆகஸ்டில் ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி, டிசம்பரில் முழுத் தடை. நாசிக்கின் லாசல்காவ் சந்தையில் விலை சரிந்தது. தடை விலகியது 2024 மே மாதத்தில், அதுவும் குறைந்தபட்ச ஏற்றுமதி விலை, வரி ஆகிய நிபந்தனைகளோடு. 2022 மே மாதம் கோதுமை ஏற்றுமதியும் இப்படித்தான் நிறுத்தப்பட்டது. அந்தப் பருவத்தில் 11.1 கோடி டன் விளையும் என்று பிப்ரவரியில் சொல்லியிருந்த வேளாண் அமைச்சகம், மார்ச் வெப்பத்தால் 10.6 கோடி டன்தான் என்று மதிப்பீட்டைத் திருத்தி வெளியிட்டது தடை வந்து சில நாட்கள் கழித்து. விளைச்சலை அறிந்து சொல்ல வேண்டிய அமைச்சகம் முடிவுக்குப் பின்னால் ஓடிவருவது நாட்டுக்கு நல்லதல்ல.

வெங்காய விலை ஏறினால் கூலித் தொழிலாளியின் வீட்டில் குழம்பு சுருங்கும். அவரைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு. அதில் மறுப்பில்லை. அந்தச் சுமையை அறுவடை செய்துகொண்டிருப்பவரின் தலையில் மட்டும் இறக்குவதைத்தான் ஏற்க முடியாது. வாங்குபவருக்காகப் பேச உணவு அமைச்சகம் இருக்கிறது. விளைவிப்பவருக்காகப் பேச வேண்டிய அமைச்சகத்துக்கும் அதே எடையுள்ள குரல் வேண்டும்.

டெல்லிக்கு மேலும் அதிகாரமா என்று மாநிலங்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. அரசமைப்புச் சட்டப்படி வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 2020 ஜூனில் அவசரச் சட்டங்களாக வந்து, செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய மூன்று வேளாண் சட்டங்கள் மாநிலங்களையும் விவசாயிகளையும் கலந்து பேசாமல் திணிக்கப்பட்டவை. ஏறக்குறைய ஓராண்டு டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்த பிறகே, 2021 நவம்பரில் அவை திரும்பப் பெறப்பட்டன. எனவே இங்கே கேட்கப்படுவது மாநிலங்களிடமிருந்து பறித்த அதிகாரம் அல்ல. டெல்லிக்குள்ளேயே சிதறிக் கிடப்பதை ஒன்றுசேர்க்க வேண்டும் என்பதே கோரிக்கை.

முதலில், உரத் துறையும் அதன் மானியமும் வேளாண் அமைச்சகத்துக்கு மாற வேண்டும். மண்ணுக்கு எது தேவையோ அதற்கு ஏற்ப மானியம் போகட்டும். அடுத்து, விளைபொருளின் ஏற்றுமதியைத் தடுக்கும் அல்லது இறக்குமதி வரியை நீக்கும் எந்த உத்தரவுக்கும் முன்பாக, விவசாயிக்கு ஏற்படும் இழப்பை வேளாண் அமைச்சகம் எழுத்தில் கணித்து வெளியிட வேண்டும். தடைக்கு முடிவு தேதியும், இழப்பை ஈடுசெய்யும் வழியும் அதில் இருக்க வேண்டும். ஈரப்பத வரம்பைப் பொறுத்தவரை, மழை அளவைக் கொண்டு மாநிலமே குறிப்பிட்ட எல்லைவரை தளர்த்திக்கொள்ள முன்கூட்டியே அனுமதி இருந்தால் போதும்; தஞ்சாவூர் நெல்லைச் சோதிக்க டெல்லியிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை.

துறைகளை மாற்றியமைக்க நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம் தேவையில்லை. பிரதமரின் பரிந்துரையில் குடியரசுத் தலைவர் 1961-ன் அலுவல் ஒதுக்கீட்டு விதிகளைத் திருத்தினால் போதும். ஜல் சக்தியும் கூட்டுறவு அமைச்சகமும் அப்படித்தான் உருவாயின. உரத் துறையை வேளாண் அமைச்சகத்திடம் சேர்க்கும் திருத்தத்தை அடுத்த பட்ஜெட்டுக்கு முன்பே பிரதமர் செய்ய வேண்டும்.