ஜால்ரா கெட்ட வார்த்தையா?

"ஜால்ரா அடிக்கிறான்", "ஒத்து ஊதுறான்", "பின்பாட்டு பாடுறான்": மூணுமே நமக்குத் திட்டு.

கருணாபுரம் தாண்டி, கள்ளக்குறிச்சி கிராமங்களில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தைப் பாருங்க. வேஷக்காரருக்கு மூச்சு வாங்கும்போது பின்பாட்டுக்காரர்கள்தான் அடியை வாங்கிப் பாடுறாங்க. அவர் வேகமெடுத்தாலும் ஜால்ரா கூடவே ஓடாது. தாளத்துக்கு இழுத்து வரும். நாதஸ்வரத்துக்கு ஒத்தும் அப்படித்தான்: ராகம் வாசிக்காது, சுருதியை விடாது. இதுவா முகஸ்துதி?

நம்ம கல்சுரல்ஸ் மேடையில் கிட்டார் மட்டும் அஞ்சு நிமிஷம் வெளுத்து வாங்குது. கைதட்டல் வருது, பாட்டு காணாமப் போகுது. தனி வாசிப்பே வேண்டாம்னு சொல்லலை. தவிலுக்கும் தனி உண்டு. அப்பவும் தாளம் போடுறவர் கையை நிறுத்துறதில்லை.

அடுத்த ஒத்திகையில் ஒரு பாட்டுக்காவது பக்கத்துல இருக்கிறவரைக் கேட்டு வாசிங்க. நிஜமான ஜால்ரா அடிச்சுப் பாருங்க, பேண்டு நிமிரும்.